அண்ணன் தருவது பத்து லட்சம். கோர்ட்டுக்குப் போனால் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 59. பிறந்த வீடு தஞ்சை மாவட்டத்தில். 1987-ல் கல்யாணமாகி திருச்சிக்கு வந்துவிட்டேன். அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். அப்பா 2016-ல் காலமானார், உயில் எழுதவில்லை. அவர் 1979-ல் கிரயத்துக்கு வாங்கிய மனையில் கட்டிய வீடு ஒன்றும், தாத்தா வழியில் வந்த இரண்டு ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. கீழ்வீட்டில் தம்பி, அவனோடு 80 வயது அம்மா. மாடியை அண்ணன் 2019-ல் தன் செலவில் கட்டிக் குடியிருக்கிறார். வயலைத் தம்பி பார்க்கிறான்; அறுவடை முடிந்ததும் எனக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிவிடுவான். 2017-ல் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் எங்கள் நால்வர் பெயரும் உண்டு. ஆனால் மறு வருடமே நிலத்தின் பட்டாவை இருவரும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அண்ணன் பேங்கில் கடன் கேட்டிருக்கிறார். ‘எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும்’ என்று பேங்க் வக்கீல் சொன்னதால், 10 லட்சம் தருகிறேன், உன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். ‘1989-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குச் சட்டப்படி பங்கே கிடையாது, இது நாங்களாகப் பார்த்துத் தருவது’ என்றும் சொல்கிறார். என் மகன், சொத்து ஒரு கோடி பெறும், கேஸ் போட்டால் 25 லட்சம் வரும் என்கிறான். கணவரோ, கூடப் பிறந்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பதா என்கிறார். பத்திர எழுத்தர் தயாரித்த வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வைத்திருந்த வரைவைத்தான் முதலில் படித்தேன். அதை அப்படியே மடித்து எடுத்து வைத்துவிடுங்கள். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. ராஜியாகப் போவதா, கேஸ் போடுவதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

உங்களுக்குப் பேசியது 10 லட்சம். பத்திரத்தில் இருப்பதோ, ‘ரூபாய் ஒரு லட்சம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு’ என்ற வரி. ஏன் என்று கேட்டதற்கு ஸ்டாம்ப் செலவு கூடும் என்றார்களாம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதற்கும் 40,000 ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அதிலும் தீர்வையைக் கணக்கிடுவது நீங்கள் விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்பை வைத்துத்தான். ஒரு லட்சம் என்று எழுதுவதால் உங்கள் அண்ணனுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. ஆனால் மீதி 9 லட்சம் வராமல் போனால், அதைக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. பதிவான பத்திரத்தில் ஒரு தொகையை எழுதிவிட்டு, வாய்வார்த்தையாக வேறு பேசினோம் என்று பின்னால் கோர்ட்டில் சொன்னால் எளிதில் எடுபடாது. கையெழுத்து அன்று 2 லட்சம், மீதி லோன் வந்த பிறகு என்று அண்ணன் சொல்வது இதைவிட மோசம். பத்திரம் பதிவானதும் உங்கள் பங்கு போய்விடும். பாக்கி வெறும் நம்பிக்கைதான். ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்று பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதானால், ஏமாற்றப்பட்டது தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். ‘அண்ணன் இந்தத் தைக்குத் தருகிறேன் என்றார், அடுத்த தைக்கு என்றார்’ என்று காத்திருந்தே அந்தக் கெடுவைத் தாண்டவிட்ட பெண்களை நிறையப் பார்த்தாயிற்று.

இன்னொரு வரியும் உறுத்துகிறது. எட்டாவது பத்தியில், ‘என் தாயார் வகையில் பிற்காலத்தில் எனக்குக் கிடைக்கக்கூடிய பாத்தியத்தையும் சேர்த்து’ என்று இருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கும்போது அவர் பங்கில் உங்களுக்கு உரிமை எதுவும் பிறக்கவில்லை. பிறக்காததை விட்டுக்கொடுக்க முடியாது என்பதுதான் சட்டம். இருந்தாலும் காசு வாங்கிக்கொண்டு இப்படி எழுதிக் கொடுத்தவர் பிறகு அந்தப் பங்கைக் கேட்டால், அந்த வரியே அவர் வாயை அடைக்கக்கூடும். பத்திர எழுத்தர் பழைய வரைவைப் பார்த்து எழுதினாரா, சொல்லி எழுதவைத்தார்களா, தெரியாது. எப்படியானாலும் அந்த வரி போக வேண்டும்.

சரி, உங்களுக்குப் பங்கு உண்டா? உண்டு. அண்ணன் சொல்லும் 1989 கதை பாதி உண்மை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989 மார்ச் 25-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. அதன்பின் 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. அதில் கல்யாணத் தேதி பற்றிய பேச்சே இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதுகூட முக்கியமில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் முடித்து வைத்துவிட்டது. உங்கள் அப்பா 2016 வரை இருந்தவர், ஆகவே உங்களுக்கு அந்தச் சந்தேகமும் இல்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ கோர்ட் தீர்ப்பாணை மூலமாகவோ பாகம் பிரித்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. அப்படி ஏதாவது இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்த்துவிடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம்.

வீட்டுக்கு இந்த விவகாரமே கிடையாது. அப்பா சுயமாக வாங்கிய மனை, உயில் இல்லை என்றால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தம்பி நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு. உங்களுக்குக் கல்யாணம் எப்போது நடந்தது என்று அங்கே யாரும் கேட்க முடியாது. நிலம் தாத்தா வழி என்கிறீர்கள். அது எப்படி வந்தது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். தாத்தாவின் சுயசம்பாத்தியமாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால், அதுவும் அப்பாவின் தனிச்சொத்து போலத்தான். உங்களுக்குக் கால் பங்கு. உண்மையான பூர்வீகமாக இருந்தால், அப்பாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் முதலில் கால் கால். பிறகு அப்பாவின் கால் நால்வருக்குப் பிரியும். பதினாறில் ஐந்து உங்களுக்கு, பதினாறில் ஒன்றுதான் அம்மாவுக்கு. இது உங்களுக்குச் சற்றுக் கூடுதல், அம்மாவுக்கு நஷ்டம். இதை நான் கிளற மாட்டேன். கால் பங்கு என்றே வைத்துப் பேசுங்கள்.

பட்டா மாறியதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அது பெயர் மாறியதால் உரிமை மாறிவிடாது. வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர் இருக்க, பட்டாவில் இரண்டு பேர் என்பது உங்களுக்குத்தான் சாதகமான முரண்பாடு.

இப்போது மகனின் கணக்குக்கு வருகிறேன். ஒரு கோடி என்பது விற்க நினைப்பவர் சொல்லும் விலை. பக்கத்தில் கடைசியாக நடந்த கிரயங்களின் விலையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மகன் வீட்டை 50 லட்சம் என்கிறார். அதில் மாடி உங்கள் அண்ணன் காசில் கட்டியது. கோர்ட்டுக்குப் போனாலும் அதை அவருக்கே ஒதுக்கத்தான் பார்ப்பார்கள். மாடியைக் கழித்து 36 லட்சம் என்று வைக்கிறேன். நிலம் 200 செண்டு, செண்டு 22,000 வீதம் 44 லட்சம். மொத்தம் 80, உங்கள் பங்கு 20 லட்சம். விலைகள் என் உத்தேசம்தான், விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த 20 லட்சம் கோர்ட்டில் பணமாகக் கிடைக்காது. பாகப்பிரிவினை வழக்கில் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. ‘வாதிக்குக் கால் பங்கு உண்டு’ என்று சொல்வதோடு அது நின்றுவிடும். அதற்கே சில வருடங்கள் ஆகும். எதிர்த்தரப்பு அப்பீல் போனால் அது தனி. பிறகு இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட வேண்டும். கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் வருவார், சர்வேயர் சங்கிலி பிடிப்பார், எந்தப் பக்கத்துக் கால் என்று அங்கே அடுத்த சண்டை தொடங்கும். வீட்டைப் பிரிக்க முடியாது என்று கமிஷனர் சொன்னால், 1893-ம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணமாகப் பிரிக்கக் கோர்ட் உத்தரவிடலாம். அதற்குள் உங்கள் சகோதரர்களே உங்கள் பங்கை மதிப்புப் போட்டு வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். அதாவது பல வருடம் அலைந்து, இன்று உட்கார்ந்து பேச வேண்டிய இடத்துக்கே வந்து சேருவீர்கள், விலை மட்டும் கோர்ட் சொன்னதாக இருக்கும்.

செலவு பலர் நினைக்கிற அளவு பயங்கரமில்லை. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 2017-ல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. நீங்கள் சொத்தின் கூட்டு அனுபவத்திலிருந்து, அதாவது மற்றவர்களோடு சேர்ந்து சொத்தை அனுபவிப்பதிலிருந்து, விலக்கப்பட்டவர் என்றானால்தான் அந்த மூன்று சதவீதம். வீட்டில் உங்கள் பங்கு 9 லட்சம் என்றால் 27,000. நஞ்சைக்கு நிலத்தீர்வையை (அரசுக்குக் கட்டும் நிலவரி) வைத்துக் கணக்கு, அது சொற்பம். கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஒரு சிறு நிலையான தொகையோடு போய்விடும். தம்பி அனுப்பும் அந்த அரிசி மூட்டை இங்கே பேசும். வயல் வருமானத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது என்பதற்கு அது சான்று. ‘அக்கா, மூட்டை லாரி ஆபீஸில் போட்டாச்சு’ என்பது போல வாட்ஸ்அப்பில் ஏதாவது இருந்தால் அழித்துவிடாதீர்கள். பாசத்தில் அனுப்பியதைச் சாட்சியமாக்குவதா என்று சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் ‘அக்காவுக்கு இந்தச் சொத்தில் சம்பந்தமே இல்லை’ என்று நாளைக்கு எதிருரையில் எழுதப்போவதும் அதே தம்பியின் வக்கீலாகத்தான் இருக்கும்.

பணத்தைவிடக் கூண்டில் நிற்பதுதான் கடினம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் திருச்சியிலிருந்து போக வேண்டியதில்லை, வக்கீல் பார்த்துக்கொள்வார். சாட்சி சொல்ல மட்டும் போக வேண்டும். குறுக்கு விசாரணையில் கல்யாணத்தில் எத்தனை பவுன் போட்டார்கள், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எத்தனை நாள் வந்தீர்கள் என்று கேட்பார்கள். நகைக்கும் உங்கள் பங்குக்கும் சட்டத்தில் தொடர்பு இல்லை, ஆனாலும் கேட்பார்கள். அப்புறம், பாக வழக்கில் பங்குதாரர் அனைவரையும் சேர்த்தாக வேண்டும். அம்மாவுக்கும் சம்மன் போகும். 80 வயதில், பெற்ற மகள் போட்ட வழக்கில் பிரதிவாதி. உங்கள் கணவரின் தயக்கத்தில் நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

இன்னொரு அபாயமும் உண்டு. வக்கீல் நோட்டீஸ் போனதும் சில வீடுகளில் திடீரென்று ஓர் உயில் முளைக்கும். உயில் பதிவு வில்லங்கச் சான்றில் வராது. பதிவு செய்யாமலும் எழுதலாம். ஆனால் உயிலைக் காட்டுகிறவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரைக் கூண்டில் ஏற்றி அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகங்களை விலக்கும் பொறுப்பும் அவருடையதுதான். இத்தனை வருடம் அதைப் பற்றி மூச்சு விடாமல் இருந்ததும், இப்போது உங்கள் கையெழுத்தைக் கேட்டு வந்ததும், அந்த உயிலுக்கு எதிராகவே நிற்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் அபிப்பிராயம்: இந்த விஷயம் ராஜியில் முடிய வேண்டியது, பத்து லட்சத்தில் முடியக் கூடாது. காரணம், அவசரம் உங்களுக்கு இல்லை. லோன் வேண்டும் என்பது அண்ணனுக்கு. பேங்க் வக்கீல் உங்கள் கையெழுத்தைக் கேட்டதே உங்களுக்குப் பங்கு இருக்கிறது என்பதால்தான். ‘பங்கே கிடையாது’ என்பவர் பத்து லட்சத்தோடு ஏன் வருகிறார்? நீங்கள் கையெழுத்துப் போடாமல் சும்மா இருந்தாலே சொத்தை முழுதாக விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாமல் நிற்கிறது. வழக்கு இல்லாமலே இவ்வளவு பிடி இருக்கும்போது அதை மலிவாக விடக் கூடாது.

20 கேளுங்கள். 15-க்குக் கீழே இறங்காதீர்கள். இடையில் உள்ள 5 லட்சத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கும், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தம்பிக்கென்று விட்டுக்கொடுங்கள், அதையும் வாய்விட்டுச் சொல்லியே விட்டுக்கொடுங்கள். சட்டப்படி அதைக் கழிக்க வேண்டியதில்லை. ஆனால் கோர்ட்டில் கழியாத அந்த மனக்குறைதான் பல பேச்சுவார்த்தைகளை உடைக்கிறது. 15 என்பது ஏன் என்றால், கைக்கு உடனே வரும் பணம், நடுவில் வருடங்கள் இல்லை, கூண்டு இல்லை. பிரிக்காத கால் பங்கை வெளியில் விற்கப் போனால் வாங்க வருபவன் அதைவிடக் குறைத்துத்தான் கேட்பான்.

அவர்களிடம் ரொக்கம் இல்லை என்றால் நிலமாகக் கேளுங்கள். வீட்டில் உள்ள பங்கை அவர்களுக்கு விட்டுவிட்டு, வயலில் சாலையோரமாக 70 செண்டு. செண்டு 22,000 என்றால் 15 லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. விவசாயக் குடும்பங்களில் பணத்தைப் புரட்டுவதைவிட இது பல சமயம் எளிதாக முடிகிறது. அப்படியானால் விடுதலைப் பத்திரம் வேண்டாம், நால்வரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் சர்வேயரை வைத்து அளந்து, நான்கெல்லை போட்டு, வரைபடத்தையும் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். ‘வடபுறம் 70 செண்டு’ என்று மொட்டையாக எழுதினால் வாய்க்கால் யாருக்கு, வண்டிப்பாதை யாருக்கு என்று பேரப்பிள்ளைகள் காலத்திலும் சண்டை நிற்காது.

எப்படித் தொடங்குவது? நான் வக்கீல் நோட்டீஸில் தொடங்கச் சொல்ல மாட்டேன். உங்கள் ஊர் சொத்து எந்தத் தாலுகாவில் இருக்கிறதோ, அங்குள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். அங்கிருந்து போகும் கடிதம் ‘பேச வாருங்கள்’ என்று கூப்பிடும். நோட்டீஸ் போல வாசலில் தபால்காரர் முன்னால் மானத்தை வாங்காது. அந்தக் குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் சம்மதித்து முடித்தால் அந்த உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. உங்களுக்கும் கிடையாது என்பதை மறந்துவிட வேண்டாம். தொகை, தேதி, எல்லை எல்லாம் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்து.

இரண்டு மூன்று அமர்வுகளுக்கு மேல் இழுத்தால், அல்லது அவர்கள் வராமலே இருந்தால், வழக்கைப் போட்டுவிடுங்கள். அதனால் ராஜிக் கதவு மூடிவிடாது. வழக்கு நடக்கும்போதே சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு இப்போது மாவட்டக் கோர்ட்டுகளிலும் இருக்கிறது. அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே நீங்களாகப் பேசி முடித்தாலும் திருப்பித் தர வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, ‘ராஜியா, கோர்ட்டா’ என்று மகனும் கணவரும் வீட்டில் மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் இந்த வரிசையை மாற்றுங்கள். சொத்தை விற்க யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால், பேச்சுவார்த்தைக்குக் காத்திராமல் அன்றே ஒரு வக்கீலைப் பார்த்து, பாக வழக்கோடு விற்பனைக்குத் தடையாணையும் கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர்தான், ஆனாலும் புது ஆள் உள்ளே வந்துவிட்டால் குடும்பத்துக்குள் முடிய வேண்டியது முடியாது.

பணமாகவே முடிவானால், முழுத் தொகையும் பத்திரத்தில் இருக்க வேண்டும். பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் போவதற்கு முன் டிடி உங்கள் கையில் இருக்க வேண்டும், டிடி எண்ணும் பத்திரத்தில் வர வேண்டும். ‘லோன் வந்த பிறகுதான் பணம்’ என்றால், கடன் தரும் பேங்கே உங்கள் பெயருக்கு நேராக டிடி எடுத்து, பத்திரப் பதிவு அன்று கொடுக்க முடியுமா என்று அண்ணனைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்கடனில் விற்பவருக்கு அப்படித்தான் தருகிறார்கள், கேட்பதில் தவறில்லை.

அம்மாவிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள், சட்டப் பணிகள் குழுவின் கடிதம் போய் அவருக்குத் தெரியக் கூடாது. அவருடைய கால் பங்கை அவர் தம்பிக்கே எழுதிக் கொடுக்க நினைத்தால் அது அவர் இஷ்டம், அதில் தலையிட வேண்டாம். திருத்திய வரைவு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எட்டாவது பத்தி போய்விட்டதா என்று பார்த்துச் சொல்கிறேன்.